பழ ஈக்கள் இணை சேரவில்லையா? மரபணுவைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

சின்னக் கண்ணாடி மூடிக்கு அடியில் ஒரு ஆண் ஈ, ஒரு பெண் ஈ. பத்து நிமிடம் பார்த்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் உடனே "இந்த மரபணு இணை சேரும் நடத்தையைக் கெடுக்கிறது" என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த ஈக்களோடு பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரியை எழுதுவதற்கு முன் நடுவே பத்துப் படி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வேறொரு காரணம் ஒளிந்திருக்கலாம்.

இங்கே பேசுவது ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர், வாழைப்பழத்தில் மொய்க்கும் அந்தச் சிறிய பழ ஈ. அறிகுறியை வைத்து மேலே போகலாம். அதற்கு முன் சரியாக நடப்பது எப்படி இருக்கும் என்று உங்கள் கண்ணுக்குப் பழக வேண்டும். கேண்டன்-எஸ் மாதிரி ஒரு இயல்பு வகை ஸ்டாக்கை (ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் ஈ வகையை ஸ்டாக் என்போம்) எடுத்து ஒரு பத்து ஜோடியாவது உட்கார்ந்து பாருங்கள். ஆண் முதலில் பெண்ணின் பக்கம் திரும்பும். பின்னாலேயே நடக்கும். முன்னங்காலால் அவள் வயிற்றை மெல்லத் தட்டும். அந்தத் தட்டலில்தான் காலில் இருக்கும் சுவை நரம்புகள் அவள் தோலின் மெழுகைச் சுவைத்துப் பார்க்கின்றன. அப்புறம் ஒரு இறகை மட்டும் பக்கவாட்டில் விரித்து அதிரவைக்கும். அதுதான் பாட்டு. பிறகு நாவால் தீண்டும், வயிற்றை வளைக்கும், மேலே ஏறும். ஏறிவிட்டால் சுமார் 15 முதல் 20 நிமிடம் இறங்காது.

இந்தச் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "சேரவில்லை" என்று மட்டும் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: ஆண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை

முதலில் வயது. கூட்டிலிருந்து வெளிவந்து மூன்று முதல் ஐந்து நாள் ஆன ஆண்தான் வேண்டும். முந்தாநாள் வெளிவந்ததை வைத்துக்கொண்டு அவசரப்படாதீர்கள். அடுத்தது கரியமில வாயு. ஈக்களை மயக்கிப் பிரித்த அன்றே சோதனை வைத்தால் ஆண் மந்தமாகவே இருக்கும். ஒரு நாள் முன்பே பிரித்து வைத்துவிட்டு, சோதனையன்று வாயால் உறிஞ்சும் ரப்பர் குழாயில் மாற்றுங்கள். மயக்கம் வேண்டவே வேண்டாம்.

வெப்பம் 25 டிகிரி. நம் ஊர் கோடையில் குளிர்சாதனம் நின்றுபோன அறையில் 30 டிகிரியில் வளர்ந்த ஆண்கள் மலடாகிவிடும். இது ரொம்பப் பேருக்குத் தெரிவதில்லை; முட்டை பொரியவில்லை என்று பெண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் சோதனை வையுங்கள். காலையில் ஒரு நாள், சாயங்காலம் ஒரு நாள் என்று மாற்றினால் ஈயின் உள்கடிகாரம் உங்கள் எண்களில் கலந்துவிடும்.

இன்னொன்று, எளிதில் விட்டுப்போவது: அந்த ஆண் ஏற்கெனவே எதனோடு இருந்தது? ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஒரு பெண்ணுடன் ஒரு மணி நேரம் அடைத்து வைத்தால், அவள் உதறித் தள்ளிக்கொண்டே இருப்பாள். அதற்குப் பிறகு புதுப் பெண்ணைக் கொடுத்தாலும் ஆண் தயங்கும். சீகல், ஹால் என்ற ஆய்வாளர்கள் 1979-இல் இதைக் காட்டினார்கள். டன்ஸ், ரூட்டபேகா என்ற நினைவாற்றல் மரபணுக்கள் கெட்ட ஆண்களுக்கு இந்தப் பாடம் சரியாக நிற்பதில்லை. ஆகவே ஒரு முறை பயன்படுத்திய ஆணை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இவ்வளவும் சரி, ஆனாலும் ஆண் அசையவில்லை என்றால் ஒரு பழைய உத்தி இருக்கிறது. தலை நீக்கிய பெண்ணை வையுங்கள். கேட்கக் கடினமாக இருக்கிறது, எனக்கும் முதல் முறை கை நடுங்கியது. ஆனால் தலையில்லாத பெண் ஈ மணிக்கணக்கில் கால் ஊன்றி நிற்கும், ஓடாது, உதைக்காது. அதையும் ஆண் நாடவில்லை என்றால் கோளாறு பெண்ணின் ஓட்டத்தில் இல்லை, ஆணிடம்தான். இப்போதுதான் ஆணின் இணை சேரும் நடத்தையை ஆளும் ஃப்ரூட்லெஸ் போன்ற மரபணுவின் பெயரை எடுக்கலாம். அந்தக் கதை கீழே வருகிறது.

அறிகுறி: ஆண் துரத்துகிறது, ஆனால் பெண்ணைத் தவறவிடுகிறது

கண்ணைப் பாருங்கள். ஈயின் கண்ணை. வெள்ளையா?

1910-இல் மரபியலாளர் மார்கன் கண்டெடுத்த வைட் என்ற திடீர்மாற்றம் இன்றைக்கும் பாதி ஸ்டாக்குகளில் இருக்கிறது. கண்ணின் நிறமி ஒளியைத் தடுத்துக் காட்சியைக் கூர்மையாக்குகிறது. நிறமி போனால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் கசியும், நகரும் பெண்ணைப் பின்தொடர முடியாது. சிவப்புக் கண் ஆண்களோடு போட்டி போட விட்டால் வெள்ளைக் கண் ஆண் தோற்கும். ரீட் தம்பதியர் 1950-இல் இரண்டு வகையையும் ஒரே கூண்டில் தலைமுறை தலைமுறையாக விட்டபோது வெள்ளைக் கண் மரபணு கூண்டிலிருந்தே மறைந்துபோனது. உயிர் வாழ்வதில் பெரிய குறை இல்லை, ஜோடி கிடைப்பதில்தான் குறை. பாலினத் தேர்வு என்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் சோதனை வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சோதிப்பது சுலபம். இந்த ஈ இருட்டிலும் சேரும். மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு வகையையும் வைத்துப் பாருங்கள். சிவப்பு ஒளி ஈக்குக் கிட்டத்தட்ட இருட்டுதான். வித்தியாசம் அங்கே சுருங்கிவிட்டால் உங்கள் "நடத்தை மரபணு" ஒரு கண் மரபணு.

அறிகுறி: எல்லாம் செய்கிறது, ஏறவும் பார்க்கிறது, ஆனால் சேர முடியவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நூறு வருடத்துக்கு மேல் எல்லோரையும் சுற்றலில் விட்ட அறிகுறி இது.

யெல்லோ என்ற மரபணு கெட்டால் ஈயின் உடல் மஞ்சளாகும். கறுப்பு மெலனின் உருவாகாது, அவ்வளவுதான். ஆனால் மஞ்சள் ஆண்கள் இயல்பான பெண்களிடம் மோசமாகத் தோற்கின்றன என்று ஸ்டர்டெவன்ட் 1915-இலேயே எழுதிவிட்டார். நிறத்துக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்? 1956-இல் மார்கரெட் பாஸ்டாக் இரண்டு வகைக்கும் மரபணுப் பின்னணியை, அதாவது மற்ற மரபணுக்களை, ஒன்றாக்கிவிட்டுப் பார்த்தார். மஞ்சள் ஆண் இறகை அதிரவைப்பது குறைகிறது என்றார். ஒற்றை மரபணு நடத்தையை மாற்றும் என்பதற்கு அது முக்கியமான சான்றாக நின்றது. பிறகு 2003-இல் ஈயின் புழுப் பருவ மூளையில் யெல்லோ வேலை செய்கிறது, அதுவும் ஃப்ரூட்லெஸ்ஸின் கட்டுப்பாட்டில் என்று ஆய்வு வந்தது. சரி, மூளைக் கோளாறுதான் என்று எல்லோரும் நம்பினோம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

2019-இல் மாசி, விட்காப், ஸ்டெர்ன் உள்ளிட்டோர் அதிவேக கேமராவில் பார்த்தார்கள். மஞ்சள் ஆண் நன்றாகவே துரத்துகிறது, பாடுகிறது, ஏறுகிறது. ஏறும் நொடியில் முன்னங்கால் வழுக்குகிறது.

ஆணின் முன்னங்காலில், பாதத்தின் முதல் கணுவில், பத்துப் பன்னிரண்டு தடித்த முட்கள் வரிசையாக இருக்கும். சீப்பு மாதிரியே இருப்பதால் சீப்பு என்றே சொல்வோம். உங்கள் நுண்நோக்கியில் ஆணின் முன்னங்காலை ஒரு முறை பெரிதாக்கிப் பாருங்கள்: மற்ற மயிரெல்லாம் பழுப்பு, அந்த ஒரு வரிசை மட்டும் கருகருவென்று, கனமாக, லேசாக வளைந்து நிற்கும். மஞ்சள் ஆணில் அதே சீப்பு வெளிறிப்போய் இருக்கும். மெலனின் வெறும் நிறமில்லை, முள்ளுக்கு உறுதியும் தருகிறது. உறுதியில்லாத சீப்பால் பெண்ணின் உடலைப் பற்ற முடியவில்லை. சீப்பு இருக்கும் இடத்தில் மட்டும் யெல்லோவைத் திருப்பிக் கொடுத்ததும் ஆண்கள் மறுபடி சேர்ந்தன. வேறு வழியில் சீப்பின் மெலனினை மட்டும் தடுத்தபோது இயல்பு ஆண்களும் தோற்றன. சீப்பை நீக்கிய ஆண்கள் தடுமாறுவதை 2008-இலேயே வேறு குழு காட்டியிருந்தது. யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எனக்கு இது ரொம்ப நெருக்கமான கதை. ஒரு மாணவி ஆறு மாதம் ஒரு நரம்பு மரபணுவில் வேலை செய்தாள். அவள் ஆண்கள் அழகாகத் துரத்தின, ஆனால் சேரவில்லை. நரம்பில்தான் ஏதோ என்று வரைபடம் வரைந்துகொண்டிருந்தோம். பிறகு ஸ்டாக்கின் பெயரை முழுதாகப் படித்தோம். முன்னால் யெல்லோ, வைட் இரண்டும் இருந்தன. மரபணு செலுத்திய ஸ்டாக்குகளில் அந்த இரண்டும் சர்வசாதாரணம். இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பவை. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று என்பதால் கெட்ட பிரதி உடனே வெளியே தெரியும். ஒப்பிட வைத்த கண்ட்ரோல் ஆண்களோ கேண்டன்-எஸ். நாங்கள் ஆறு மாதம் அளந்தது சீப்பை.

ஆகவே செய்ய வேண்டியது: ஸ்டாக்கின் முழுப்பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கண்ட்ரோலும் சோதனை ஈயும் ஒரே பின்னணியில் இருக்கும்படி ஐந்தாறு தலைமுறை திரும்பத் திரும்பக் கலந்து எடுங்கள். ஏறும் முயற்சிகளையும் அதில் எத்தனை வழுக்கின என்பதையும் தனியாக எண்ணுங்கள். இப்போதெல்லாம் கைபேசியிலேயே மெதுவோட்ட வீடியோ கிடைக்கிறது.

அறிகுறி: பெண் உதைக்கிறாள், ஓடுகிறாள்

பெண்ணின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். முட்டையிடும் குழலை நீட்டி ஆணைத் தள்ளுகிறாளா? அப்படியானால் அவள் ஏற்கெனவே சேர்ந்தவள். உங்கள் சேகரிப்பில்தான் பிழை. 25 டிகிரியில் வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள் பெண்களைப் பிரித்துவிட வேண்டும். இப்போதுதான் வெளிவந்தவளின் வெளிறிய வயிற்றில், தோலுக்கு அடியில் ஒரு கரும்பச்சைப் புள்ளி தெரியும். புழுவாக இருந்தபோது தின்றதன் மிச்சம் அது. அந்தப் புள்ளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். குழலை நீட்டாமல் வெறுமனே உதைத்து ஓடினால் வயது போதவில்லை என்று அர்த்தம். நாலு நாள் ஆகட்டும்.

சேர்ந்த பெண் ஏன் இப்படி மாறுகிறாள்? ஆணின் துணைச்சுரப்பியில் 36 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் புரதம் சுரக்கிறது, செக்ஸ் பெப்டைட் என்று பெயர். விந்தோடு உள்ளே போய், விந்தணுக்களின் வாலில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று சுமார் ஒரு வாரத்துக்கு மேல் வேலை செய்கிறது. அவளுக்கு அடுத்த ஆண் வேண்டாம், முட்டை மட்டும் நிறைய. இதை உணரும் ஏற்பியைப் பெண்ணில் 2008-இல் கண்டுபிடித்தார்கள். முதல் ஆணுக்கு லாபமான ஏற்பாடு இது. பெண்ணுக்கு விலை உண்டு: துணைச்சுரப்பிச் சரக்கை அதிகம் வாங்கும் பெண்களின் ஆயுள் குறைகிறது என்று 1995-இல் சாப்மன் குழு காட்டியது.

எனவே எதிர் அறிகுறியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேர்ந்த மறுநாளே பெண் வேறு ஆணை ஏற்கிறாளா, முட்டையும் குறைவா? ஏற்பி கெட்ட பெண்ணாக இருக்கலாம், அல்லது பெப்டைட் இல்லாத ஆணாக இருக்கலாம். ஆணை மாற்றி ஒரு முறை, பெண்ணை மாற்றி ஒரு முறை வைத்தால் யார் என்று தெரிந்துவிடும்.

காட்டில், சந்தையில் பிடித்த ஈக்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. சிமுலன்ஸ் என்ற உடன்பிறப்பு இனம் கலந்திருக்கும். பெண்களைக் கண்ணால் பிரிப்பது மிகக் கடினம். ஆணின் பிறப்புறுப்பு வடிவத்தைப் பார்த்துத்தான் இனம் சொல்ல முடியும். தோலின் மெழுகு வேறு என்பதால் சிமுலன்ஸ் ஆண் மெலனோகாஸ்டர் பெண்ணை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகிப்போகும்.

அறிகுறி: ஆண்கள் ஆண்களையே துரத்துகின்றன

குப்பியில் ஆண்கள் ரயில் மாதிரி ஒன்றின் பின் ஒன்றாக, எல்லாம் இறகு விரித்துக்கொண்டு போகும். பார்க்க ஆச்சரியமான காட்சி.

முதல் காரணம் மறுபடியும் வயது. சில மணி நேரமே ஆன ஆணின் தோல் மெழுகு வேறு. பெரிய ஆண்கள் அதை நாடும். இது இயல்பு, கோளாறு இல்லை. வளர்ந்த ஆணின் உடலில் சி.வி.ஏ என்ற மணமும் 7-ட்ரைக்கோசீன் என்ற மெழுகும் இருந்து "நான் ஆண், விலகு" என்று சொல்கின்றன. அந்த மணத்தை உணரும் ஏற்பி கெட்ட ஆண்களும் ஆண்களைத் துரத்தும். ஆகவே யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று பாருங்கள். இயல்பு ஆண்கள் உங்கள் மியூட்டன்ட்டை, அதாவது மரபணு கெட்ட ஈயை, துரத்தினால் கோளாறு அதன் மணத்தில். மியூட்டன்ட் இயல்பு ஆண்களைத் துரத்தினால் கோளாறு அதன் மூக்கிலோ, நாவிலோ, மூளையிலோ.

வைட் மரபணு இங்கேயும் வரும். செலுத்திய மரபணுவுக்கு அடையாளமாக வைக்கும், வைட்டின் சுருக்க வடிவமான மினி-வைட்டை உடலெங்கும் வேலை செய்ய வைத்தால் ஆண்கள் சங்கிலியாகத் துரத்தத் தொடங்கும் என்று 1995-இல் தெரிந்தது. அடையாளக் குறி மட்டும் உள்ள கண்ட்ரோல் இல்லாமல் இந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

இவையெல்லாம் இல்லை என்றானபின் ஃப்ரூட்லெஸ். 1963-இல் குல்பீர் கில் இந்த ஆண்களை முதலில் விவரித்தார்: ஆணையும் பெண்ணையும் ஒன்றுபோல நாடும், ஆனால் எதனோடும் சேராது. இந்த மரபணுவின் ஆர்.என்.ஏவை ஆணில் ஒரு விதமாகவும் பெண்ணில் வேறு விதமாகவும் ஈயின் செல்கள் வெட்டி ஒட்டுகின்றன. ஆண் வடிவத்தில்தான் முழுப் புரதம் வருகிறது. 2005-இல் டெமிரும் டிக்சனும் பெண் ஈயில் ஆண் வடிவத்தை வைத்தார்கள். அந்தப் பெண்கள் மற்றப் பெண்களைத் துரத்தி, தட்டி, இறகு விரித்தன. பெண் வடிவத்தைப் பெற்ற ஆண்களோ ஏறக்குறைய சும்மா நின்றன. கில்லின் ஆண்கள் எல்லோரையும் துரத்தின, இவை யாரையும் துரத்தவில்லை. மரபணு ஒன்றே, கெட்ட இடம் வேறு. அதனால் ஃப்ரூட்லெஸ் என்று எழுதும்போது எந்த அல்லீல் (மரபணுவின் எந்த மாறிய வடிவம்) என்பதையும் கூடவே எழுதுங்கள்.

அறிகுறி: பாட்டின் தாளம் மாறியிருக்கிறது

வெப்பமானியைப் பாருங்கள். இந்த ஈயின் பாட்டுத் துடிப்புகளுக்கு நடுவே சுமார் 35 மில்லிசெகண்ட் இடைவெளி இருக்கும். அறை சூடானால் அது குறையும், குளிர்ந்தால் நீளும். இரண்டு டிகிரி வித்தியாசத்தை மரபணு வித்தியாசம் என்று எழுதியவர்கள் உண்டு. உள்கடிகாரத்தை ஓட்டும் பீரியட் மரபணு இந்த இடைவெளியை ஒரு நிமிடச் சுழற்சியில் ஏற்றி இறக்குகிறது என்று 1980-இல் வந்த ஆய்வுகூட, கணக்கிட்ட முறையால் வந்த தோற்றம் என்று 2014-இல் மறுக்கப்பட்டது. மறுப்புக்கும் மறுப்பு வந்தது. பாட்டைச் சராசரியாகச் சுருக்காமல் மூலப் பதிவை அப்படியே வைத்திருங்கள்.

அறிகுறி: போட்டிச் சோதனையில் கணக்கு உதைக்கிறது

பல ஆண், பல பெண் ஒரே பாட்டிலில். யாருக்கு எத்தனை ஜோடி, எத்தனை பிள்ளை என்று குஞ்சுகளின் குறிகளைப் பார்த்து எண்ணுகிறீர்கள். கடைசியில் கூட்டிப் பாருங்கள்: தந்தையர் பக்கத்துக் கூட்டுத்தொகையும் தாயர் பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்தே ஆக வேண்டும். ஒரு குஞ்சுக்கு ஒரு அப்பா, ஒரு அம்மா. வரவில்லையா? நீங்கள் தனியாள் இல்லை.

ஆங்கஸ் பேட்மன் 1948-இல் இதே மாதிரிதான் செய்தார். ஒவ்வொரு ஈக்கும் ஒரு ஓங்கு குறி, அதாவது மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும் அடையாளம், சுருண்ட இறகு போல. இரண்டு குறியும் சேர்ந்து வந்த குஞ்சுக்குப் பெற்றோர் இருவரும் இன்னார் என்று சொல்லலாம். ஜோடிகள் கூடக் கூட ஆணின் பிள்ளைகள் கூடுகின்றன, பெண்ணுக்கு அப்படி இல்லை என்று முடிவுசெய்தார். பாலினத் தேர்வு பற்றிய பாடப்புத்தகங்கள் அந்த முடிவின் மேல் எழும்பின. 2012-இல் கோவாட்டி, கிம், ஆண்டர்சன் மூவரும் அதே சோதனையை அதே குறிகளோடு திரும்பச் செய்தார்கள். இரண்டு குறி சுமந்த குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஓங்கு குறிகள் இரண்டு சேர்ந்தால் குஞ்சு பெரியதாவதற்குள் சாகிறது. செத்த குஞ்சோடு அதன் பெற்றோர் சேர்ந்ததற்கான சாட்சியும் போய்விடுகிறது. அதனால் ஜோடியே இல்லாதவர்கள் என்ற பட்டியல் நீள்கிறது. பேட்மனின் கணக்கிலும் தந்தையர் தொகை தாயர் தொகையைவிட அதிகமாக இருந்தது. அறுபது வருடம் அது அச்சில் கிடந்தது.

வசதி இருந்தால் குறிகளை விட்டு விலகுங்கள். விந்தணுத் தலைகள் ஒரு ஆணுக்குப் பச்சையாகவும் இன்னொன்றுக்குச் சிவப்பாகவும் ஒளிரும் ஸ்டாக்குகள் 2010 முதல் இருக்கின்றன. பெண்ணின் விந்துப்பையைத் திறந்தால் யாருடையது எவ்வளவு என்று நேராகத் தெரியும். வசதி இல்லையென்றால் பாட்டிலில் போடுவதற்கு முன் ஒவ்வொரு இரண்டு குறியையும் தனி ஜோடியாகக் கலந்து குஞ்சுகளை எண்ணுங்கள். 400 குஞ்சில் இரண்டு குறியும் உள்ளவை 100, அப்பா குறி மட்டும் 100, அம்மா குறி மட்டும் 100, ஒன்றும் இல்லாதவை 100 என்று ஏறக்குறைய வர வேண்டும். இரண்டு குறியும் உள்ளவை 60 மட்டும் வந்தால் அந்த இரண்டு குறிகளையும் ஒரே பாட்டிலில் சேர்க்காதீர்கள்.